மார்கிட் வாசலுக்குப் போகும் முன்: எல்டன் ரிங்கை முதன்முறை ஆடுபவர்களுக்கு

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை வாங்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். தள்ளுபடி வந்த அன்றைக்கு ஆசையாக வாங்கியிருப்பார்கள், அப்புறம் அது ஸ்டீம் லைப்ரரியில் அப்படியே கிடக்கும். கேட்டால், "லீவு கிடைக்கட்டும், நிதானமா உக்காந்து ஆடணும்" என்பார்கள். தீபாவளி லீவும் வரும், பொங்கல் லீவும் வரும், கேம் அங்கேயேதான் இருக்கும். செத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லி வைத்திருக்கிறதே, அந்தப் பயம்.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் ஜிஎஸ்டி, இரவு பத்து மணிக்கு மேல் லிம்கிரேவ், அதாவது இந்தக் கேமின் முதல் நிலப்பகுதி. என் சித்தி மகன் போன வருஷம் கல்லூரி செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கேமை ஆரம்பத்திலிருந்து ஆட வைத்தேன். புதிதாக ஆடுபவர் எங்கே தடுமாறுகிறார் என்பது பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரிகிறது. கீழே இருப்பதெல்லாம் அப்படிப் பார்த்து எழுதியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேம் கடினம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் புதியவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, இப்போதைக்குப் போக வேண்டாத இடத்தில் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் வருவது. திரும்பிப் போகலாம். இந்தக் கேமில் எதிராளியை விட்டுவிட்டு வேறு பக்கம் போவதற்குத் தண்டனை எதுவும் கிடையாது.

காத்திருக்கும் நேரத்தில்

இந்தக் கேமுக்குக் காத்திருப்பது என்பதே ஒரு காலத்தில் தனிப் பொழுதுபோக்காக இருந்தது. 2019 ஜூனில் ஈ3 என்ற கேம் கண்காட்சியில் அறிவித்தார்கள். டார்க் சோல்ஸ் கேமை இயக்கிய ஹிடேடகா மியாசாகி, அந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுக்க 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு, கேமைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. 2021 ஜூனில்தான் ஆட்டத்தின் காட்சிகள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் ரசிகர்கள் தாங்களாகவே கதாபாத்திரங்களையும் பாஸ்களையும் (பெரிய எதிராளிகளை) கற்பனையில் உருவாக்கி, அவை கேமில் இருப்பதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். 'மிகவும் எதிர்பார்க்கப்படும் கேம்' என்ற விருதை கேம் அவார்ட்ஸ் நிகழ்ச்சியில் 2020, 2021 இரண்டு வருஷமும் வாங்கியது. 2022 ஜனவரி 21 என்று சொன்ன தேதி பிப்ரவரி 25-க்குத் தள்ளிப்போனது. வந்த பிறகு அதே நிகழ்ச்சியில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதும் கிடைத்தது.

உங்களுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. டவுன்லோடு முடிவதுதான் பாக்கி. கம்ப்யூட்டரில் சுமார் 60 ஜிபி இடம் கேட்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 2 ஜிபி வீதம் இறக்கினால் ஒரு மாசம் ஆகும், அதனால் பிராட்பேண்ட் இருக்கும் நண்பர் வீட்டைப் பாருங்கள். குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். எவ்வளவு பெரிய கார்டு வைத்திருந்தாலும் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் ஓடாது, எனவே இதற்காகப் புதுக் கார்டு வாங்குகிறேன் என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள். கீபோர்டு மவுஸில் ஆட முடியாது என்றில்லை, ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேமரா, ஓட்டம், ரோல் (உருண்டு தப்புவது), அடி எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் இந்தக் கேம் கன்ட்ரோலரை மனதில் வைத்துச் செய்தது என்பது கையில் பிடித்தவுடனே தெரிந்துவிடும்.

டவுன்லோடு ஓடும்போது யூட்யூபில் பாஸ் சண்டை வீடியோ பார்க்காதீர்கள். கதை தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் ஆடுபவர் வேறு லெவலில், வேறு ஆயுதத்தோடு, அந்தச் சண்டையை மனப்பாடம் செய்துவிட்டு ஆடுகிறார். அதைப் பார்த்தால் ஒன்று தேவையில்லாத பயம் வரும், இல்லையென்றால் தேவையில்லாத தைரியம் வரும். இரண்டுமே முதல் இரவுக்கு ஆகாது.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'யாரோ முகம் தெரியாதவன் என் கேமுக்குள் வந்து என்னைக் கொன்றுவிடுவானாமே' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நீங்கள் துணைக்கு இன்னொரு ஆட்டக்காரரை அழைத்திருந்தாலோ, அதற்கென்று இருக்கும் ஒரு பொருளை நீங்களே பயன்படுத்தி வம்பை விலைக்கு வாங்கினாலோதான் மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே வர முடியும். தனியாக ஆடுபவரிடம் வேறு ஆட்டக்காரர் யாரும் வர மாட்டார்கள். எனவே ஆன்லைனிலேயே ஆடுங்கள். மற்றவர்கள் தரையில் எழுதிவைத்துப் போகும் குறிப்புகள் பாதி உதவி, பாதி சிரிப்பு. மலை விளிம்பில் 'குதித்துப் பார்' என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள்.

யாராக ஆரம்பிப்பது

பத்து வகுப்புகள் இருக்கின்றன. வகுப்பு என்பது ஆரம்பப் புள்ளி மட்டும்தான், பிறகு யாரும் எந்த ஆயுதத்தையும் மந்திரத்தையும் கற்றுக்கொள்ளலாம். இதற்காக ஒரு மணி நேரம் யோசிக்க வேண்டாம். கத்தியும் கேடயமும் என்றால் வேகபாண்ட், வேகமான வாளும் வில்லும் என்றால் சாமுராய், தூரத்திலிருந்து மந்திரம் என்றால் அஸ்ட்ராலஜர். ரெட்ச் என்று ஒருவன் துணியே இல்லாமல் ஒரு தடியோடு லெவல் 1-இல் நிற்பான். நண்பர்கள் அவனை எடுக்கச் சொல்லி ஏற்றிவிடுவார்கள், கேட்காதீர்கள்.

என் ஓட்டு வேகபாண்டுக்கு. காரணம் அவன் கையிலிருக்கும் ஹீட்டர் ஷீல்ட். சாதாரண வாள் வெட்டு, ஈட்டிக் குத்து எல்லாவற்றையும் அது முழுசாகத் தாங்கும், ஸ்டாமினா, அதாவது தெம்பு, மட்டும்தான் குறையும். தாங்கிய அடுத்த நொடியே பலமான அடிக்கான பட்டனை அழுத்தினால் 'கார்டு கவுன்டர்' என்று ஒரு பதிலடி விழும். புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ரோல் செய்யும் நேரக்கணக்கு கைக்கு வரும்வரை லிம்கிரேவ் சிப்பாய்களை இதை வைத்தே ஓட்டிவிடலாம். கேடயம் வைத்து ஆடுவது ஏமாற்று வேலை என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அவர்கள் உங்கள் மின்கட்டணத்தைக் கட்டுவதில்லை.

ஆரம்பத்தில் ஒரு அன்பளிப்பு தேர்ந்தெடுக்கச் சொல்லும். கோல்டன் சீட் (தங்க விதை) எடுங்கள். மருந்துக் குடுவையில் ஒரு மடக்கு கூடும்.

முதல் சாவு கணக்கில் சேராது

கேம் தொடங்கியதும் சேப்பல் ஆஃப் ஆன்டிசிபேஷன் என்ற இடிந்த தேவாலயம். வெளியே வந்து பாலத்தைத் தாண்டினால் பல கைகள் ஒட்டவைத்த கிராஃப்டட் சையன் என்ற பிறவி வந்து உங்களைக் கொன்றுபோடும். பதறாதீர்கள், அது கதையின் பகுதி. கன்ட்ரோலரை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். அடுத்து கண் விழிக்கும் இடத்தில் ஒரு நாற்காலியில் ஆவி உருவம் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு பள்ளம். அதில் குதியுங்கள். கீழே இருப்பது பயிற்சிக் குகை. பலர் பள்ளத்தைக் கண்டு பயந்து நேராகக் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார்கள். பிறகு கேடயத்தைப் பிடிக்கத் தெரியாது, பதுங்கத் தெரியாது.

குகையில் சொல்லித்தருவதைத் தாண்டி ஒரு விஷயம்: ஒரே ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடிப்பது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒய் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது பம்பர், பிளேஸ்டேஷனில் முக்கோணத்தோடு ஆர்1. இரண்டு கையால் பிடித்தால் உங்கள் ஸ்ட்ரெங்த் (உடல் வலு) ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். கையில் ஏற்காத கனமான வாளும் அப்போது ஏற்கும். குதித்து, காற்றில் இருக்கும்போது பலமான அடியைக் கொடுப்பதையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். பெரிய ஆட்களை நிலைகுலைய வைப்பதற்குச் சுலபமான வழி அதுதான்.

கதவைத் திறந்து வெளியே வந்தால் லிம்கிரேவ். எதிரே தங்கக் கவசத்தில் குதிரைமேல் ஒருவர் உலாத்திக்கொண்டிருப்பார். ட்ரீ சென்டினல். அவரை அங்கே நிறுத்தியிருப்பதே, நீங்கள் சுற்றிக்கொண்டு போகிறீர்களா என்று பார்ப்பதற்குத்தான். சுற்றிக்கொண்டு போங்கள். பாதையை விட்டு மரங்களுக்கிடையே பதுங்கிப் போனால் வடக்கே சர்ச் ஆஃப் எல்லே வந்துவிடும். அங்கே காலே என்ற வியாபாரி உட்கார்ந்திருப்பார். 300 ரூனுக்கு (ரூன்தான் இங்கே பணம், லெவல் ஏற்றவும் அதுதான்) பொருள்கள் செய்ய உதவும் கிராஃப்டிங் கிட் விற்பார், வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நிறுத்தம் கேட்ஃப்ரன்ட். இடிபாடுகளுக்கு நடுவே சிப்பாய்கள் முகாம் போட்டிருப்பார்கள். உள்ளே புகுமுன் ஊதுகொம்பு வைத்திருப்பவன் எங்கே என்று பாருங்கள். அவன் ஊதிவிட்டால் மொத்த முகாமும் உங்கள்மேல் பாயும். பதுங்கிப்போய் அவன் முதுகில் முதலில் குத்துவது நல்லது. கீழறையில் ஒரு பெட்டிக்குள் வெட்ஸ்டோன் நைஃப் இருக்கிறது. அது இல்லாமல் ஆயுதங்களுக்கு விசேஷத் திறமைகளை மாற்றிப் பொருத்த முடியாது. சாலையோரக் கல்தூணில் வரைபடம் இருக்கிறது, அதை எடுக்காமல் போனால் மேப் வெறும் பழுப்புத் தாள்தான்.

கிரேஸ் என்பது உட்கார்ந்து இளைப்பாறும் தங்க ஒளி. முதல் அடியிலேயே இருக்கும் கிரேஸ், எல்லே, கேட்ஃப்ரன்ட் என்று இப்படி மூன்று இடத்தில் உட்கார்ந்ததும் மெலினா என்ற பெண் வந்து பேசுவாள். லெவல் ஏற்றும் வசதியும் டோரண்ட் என்ற குதிரையும் அவள் தருவது. குதிரை கிடைத்த உடனே எல்லே சர்ச்சுக்குத் திரும்பிப் போங்கள். பெரிய தொப்பியோடு ரென்னா என்று ஒருத்தி சுவர்மேல் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேசினால் ஒரு மணியும், மூன்று ஓநாய்களை வரவழைக்கும் சாம்பலும் தருவாள். இது முதல் இரவின் பெரிய பரிசு. பாஸ் சண்டையில் எதிராளி ஓநாயைப் பார்த்துத் திரும்பும் நேரத்தில்தான் உங்களுக்கு மூச்சுவிட முடியும்.

ஒளி காட்டும் பக்கம் போகாதீர்கள், இப்போதைக்கு

கிரேஸில் உட்கார்ந்து எழுந்தால் ஒரு தங்க ஒளிக்கீற்று ஒரு திசையைக் காட்டும். மேப்பிலும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டார்ம்ஹில் ஏறி, ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் முன்னால் போய் நிற்பீர்கள். புதியவர்களில் பாதிப் பேர் கேமை மூடுவது அந்த இடத்தில்தான். என் சித்தி மகனும் விடுவிடுவென்று அங்கேதான் போய் நின்றான். அந்த ஒளி கதை எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் அதற்குத் தயாரா என்று அது பார்ப்பதில்லை.

தெற்கே போங்கள். பாலம் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. ஆட்கள் கொஞ்சம் சுலபம், மழை பெய்துகொண்டே இருக்கும், ரசனையான இடம். அங்கே சர்ச் ஆஃப் பில்கிரிமேஜ், ஃபோர்த் சர்ச் ஆஃப் மரிகா, காலு பாப்டிஸ்மல் சர்ச் என்று மூன்று தேவாலயங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சேக்ரட் டியர். லிம்கிரேவின் கிழக்கே தேர்ட் சர்ச் ஆஃப் மரிகாவில் இன்னொன்று. ஆக நான்கு. ஒவ்வொன்றும் குடுவை மருந்தின் வீரியத்தைக் கூட்டும். ஒரே மடக்கில் ஏறும் ரத்தம் எவ்வளவு வித்தியாசம் என்பது அதன்பிறகு தெரியும். வழியில் தங்க நிறத்தில் மின்னும் சின்ன மரக்கன்று தெரிந்தால் விடாதீர்கள், அதனடியில் கோல்டன் சீட் இருக்கும். குடுவையில் ஆரம்பத்தில் உயிர் ஏற்றும் சிவப்பு மூன்றும் மந்திர சக்தி ஏற்றும் நீலம் ஒன்றும் இருக்கும். வாள்காரர் என்றால் நீலம் ஒன்றுக்கு மேல் தேவையே இல்லை, புதிதாகச் சேர்வதையெல்லாம் கிரேஸில் சிவப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு ஆயுதம். ஆரம்ப லெவல்களில் உங்கள் அடி பலமாவது ஸ்ட்ரெங்த் ஏற்றுவதால் அல்ல, ஆயுதத்தைத் தீட்டுவதால். அகீல் ஏரிக்கு வடக்கே இருக்கும் லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்துக்குள் ஸ்மிதிங் ஸ்டோன் கிடைக்கும். முதல் மூன்று நிலைக்கு 2, 4, 6 என்று மொத்தம் 12 கல். எல்லே சர்ச்சில் இருக்கும் பட்டறை மேசையிலேயே +3 வரை தீட்டிவிடலாம். ஒரே ஆயுதத்துக்குக் கொடுங்கள். நாலைந்து வாளுக்குப் பங்குபோட்டால் எதுவுமே வெட்டாது.

லெவல் ஏற்றுவதில் நான் பிடிவாதக்காரி. முதலில் விகர், அதாவது உயிரின் அளவைக் கூட்டும் புள்ளி. 20 வரும்வரை வேறு எதையும் தொடாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். கையிலிருக்கும் ஆயுதம் கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டும் எட்டிக்கொண்டால் போதும். விகர் 25-இல் உயிர் 800, 40-இல் 1450, 60-இல் 1900. அதற்கு மேல் 99 வரை ஏற்றினாலும் 2100-தான். 40 வரைக்கும் போடும் ஒவ்வொரு புள்ளியும் வட்டியோடு திரும்பி வருகிறது. இரண்டு அடியில் சாவதற்கும் நாலு அடியில் சாவதற்கும் நடுவில்தான் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

எடையையும் பாருங்கள். தூக்கும் சக்தியில் 70 சதவீதம் தாண்டினால் ரோல் உருளாது, மூட்டை விழுவதுபோல் தொப்பென்று விழுவீர்கள். ஒரு இரும்புத் தொப்பிக்காக அந்தக் கோட்டைத் தாண்டி, ஏன் எல்லா அடியும் விழுகிறது என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

ரூன் விஷயத்தில் ஆடிட்டர் ஆபீஸ் புத்தி கொஞ்சம் உதவும். செத்தால் கையில் இருக்கும் ரூனெல்லாம் அந்த இடத்திலேயே விழும். திரும்பப்போய் எடுக்குமுன் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. எனவே தெரியாத குகைக்குள் நுழையுமுன் செலவழித்துவிட்டு நுழையுங்கள். கோல்டன் ரூன் என்று பொருளாகக் கிடைப்பதை உடைக்காமல் பையிலேயே வைத்திருந்தால் செத்தாலும் போகாது. லெவலுக்குக் கொஞ்சம் குறையும்போது மட்டும் உடையுங்கள். ஐந்நூறு ரூனுக்காகப் பாழுங்கிணற்றில் திரும்பத் திரும்ப இறங்கும் பழக்கத்தையும் விடுங்கள், அந்த நேரத்தில் வேறு எங்காவது இரண்டாயிரம் சம்பாதிக்கலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். லிம்கிரேவ் நடுவில் இருக்கும் அகீல் ஏரி ஆழமில்லாதது, அழகாக இருக்கிறதே என்று நடுவில் போனால் வானத்திலிருந்து டிராகன் இறங்கும். அதே ஏரியில் டிராகன்-பர்ன்ட் ருயின்ஸ் இடிபாட்டின் கீழறையில் ஒரு பெட்டி. திறந்தால் புகை கிளம்பி உங்களை கேலிட் என்ற சிவந்த நரகத்தின் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடும். அங்கிருந்து மேப் மூலம் தப்பவும் முடியாது. யாருடனும் சண்டை போடாமல் வெளிவாசலுக்கு ஓடுங்கள், திறந்த வெளிக்கு வந்ததும் மேப்பில் லிம்கிரேவுக்குத் திரும்பலாம். தம்பி அதைத் திறக்கப்போனபோது நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். "அக்கா, இது எந்த ஊருக்கா?" என்று அவன் அலறியது மாடி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டில் ஆடுவதில் இருக்கும் சிக்கல்

இந்தக் கேமை நடுவில் நிறுத்திவைக்க (pause) பட்டன் கிடையாது. மெனுவைத் திறந்தாலும் பின்னால் எல்லாம் நடந்துகொண்டேதான் இருக்கும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவதையும், சிலிண்டர்காரர் பெல் அடிப்பதையும் கேமுக்குச் சொல்லி வைக்க முடியாது. ஒரு தந்திரம் இருக்கிறது: இன்வென்டரியைத் திறந்து, உதவிப் பட்டனை அழுத்தி, 'மெனு எக்ஸ்ப்ளனேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கப் பெட்டி திரையில் இருக்கும்வரை எல்லாம் உறைந்து நிற்கும். பாஸ் சண்டை நடுவிலும் நிற்கும். இல்லையென்றால் மெனுவிலிருந்து முறைப்படி வெளியேறிவிடுங்கள். கேம் தானாகவே சேமித்துக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே வந்து நிற்பீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. இந்தக் கேமில் யார் என்ன வேலை சொன்னார்கள் என்ற பட்டியல் எங்கும் இருக்காது. பேசுவதும் சுற்றி வளைத்த பழைய இங்கிலீஷ், தமிழ் சப்டைட்டில் கிடையாது. பேரேடு எழுதும் பழக்கத்தில் நான் தேதி, ஆள், இடம், கடைசியாகச் சொன்னது என்று நாலு பத்தி போட்டு எழுதுகிறேன். ஒரே ஆளிடம் அவர் சொன்னதையே திரும்பச் சொல்லும்வரை பேசுங்கள். ஸ்டார்ம்ஹில் குடிசையில் அழுதுகொண்டிருக்கும் ரொடெரிகா அப்படிப் பேசினால்தான் ஜெல்லிமீன் சாம்பலைத் தருவாள். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்று ஒரு மொட்டைத்தலையன் தாக்குவான், பாதி ரத்தம் போனதும் சரணடைவான். அங்கே கையை நிறுத்துங்கள். கொன்றுவிட்டால் ஒரு கடை போய்விடும். மார்கிட்டைச் சில நொடி கட்டிப்போடும் கைவிலங்கை 5000 ரூனுக்கு அவன்தான் விற்கிறான்.

இனி மார்கிட்

விகர் 20 பக்கம், ஆயுதம் +3, குடுவை தீட்டியாகிவிட்டது, ஓநாய்களோ ஜெல்லிமீனோ கையில் இருக்கிறது என்றால் இப்போது போகலாம். பாஸ் இருக்கும் இடத்தை மறைக்கும் மூடுபனி வாசலுக்குப் பக்கத்தில் தரையில் தங்க எழுத்து தெரியும். அது சோர்சரர் ரோஜியரின் அழைப்பு. அவரைத் துணைக்குக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கேமில் 'ஈஸி' என்று மெனுவில் ஒரு வரி கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இப்படி ஆங்காங்கே வைத்திருக்கிறார்கள்.

மார்கிட் கோலை ஓங்குவான். ஓங்கியவன் இறக்க மாட்டான். இங்கேதான் எல்லாருடைய விரலும் தோற்கிறது. தம்பியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோல் மேலே போன உடனே ரோல் பட்டனை இரண்டு மூன்று முறை தட்டிவிடுவான். இந்தக் கேம் நீங்கள் தட்டியதை வரிசையில் வைத்துக்கொள்ளும், முதல் ரோல் முடிந்ததும் இரண்டாவதும் தானாக நடக்கும். அந்த இரண்டாவது ரோல் முடிந்து எழும் நேரத்துக்குச் சரியாகக் கோல் இறங்கும்.

"இவன் எப்பக்கா அடிப்பான்? கையைத் தூக்கிட்டு சும்மாவே நிக்கறான்."

"நிக்கட்டும் கண்ணு. கையைப் பாக்காத, கோல் கீழ வர்றதைப் பாரு. வர ஆரம்பிச்சதும் ஒரே ஒரு தட்டு."

ஒரு சண்டை முழுக்க அவனை அடிக்கவே வேண்டாம் என்று சொன்னேன். தப்பிப்பது மட்டும்தான் வேலை. இதை நீங்களும் செய்யுங்கள். அடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாதபோது கண் தானாக எதிராளியின் தோளைக் கவனிக்க ஆரம்பிக்கும். பின்னால் உருளாதீர்கள், கோல் நீளம், எட்டிவிடும். அவனை நோக்கி, அவன் பக்கவாட்டில் உருண்டால் முதுகுப் பக்கம் வருவீர்கள். அங்கே ஒன்றோ இரண்டோ அடி, மூன்றாவதுக்கு ஆசைப்படாமல் விலகுங்கள். எதிரே நின்று மருந்து குடித்தால் ஒளிக்கத்தியை வீசுவான். ஓநாய்கள் அவனை மொய்க்கும்போது குடிக்க வேண்டும், இல்லையென்றால் அவன் ஒரு பெரிய அடியை அடித்து முடித்த நொடியில்.

ரத்தம் பாதியை நெருங்கும்போது ஒளியால் ஒரு பெரிய சுத்தியலை வரவழைப்பான். பேட்சஸிடம் வாங்கிய கைவிலங்கு அதற்கு முன்புதான் வேலை செய்யும், இரண்டு தடவை. சுத்தியலோடு மேலே குதித்தால் ஓடாதீர்கள், அவன் இறங்கும் நொடியில் ஒரு ரோல் போதும். செத்தாலும் பக்கத்திலேயே எழலாம், அதனால் திரும்ப நடந்துவரும் அலுப்பு இல்லை. ஆனால் கை சூடாகி, பட்டனைக் குத்த ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அன்றைக்குப் போதும். மேப்பைத் திறந்து பெனின்சுலாவில் பார்க்காத குகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை படுத்துத் தூங்குங்கள்.

அவன் விழுந்த பிறகு ஸ்டார்ம்வெய்ல் கோட்டை. வாசலில் காஸ்டாக் என்ற காவல்காரன் முன்வாசலைத் திறக்கட்டுமா, பக்கவாட்டுச் சந்தில் போகிறாயா என்று கேட்பான். முன்வாசல் முழுக்கப் பெரிய அம்பு எந்திரங்கள் உங்களையே குறிபார்த்துக்கொண்டிருக்கும். சந்தில் போங்கள். நீங்கள் கோட்டைக்குள் சாகும்போதெல்லாம் உங்கள் ரூனில் ஒரு பங்கை அடித்துக்கொண்டு போவது இந்தக் காஸ்டாக்தான். கோட்டையின் கடைசியில் காட்ரிக் என்ற அடுத்த பாஸ் இருக்கிறான். அவன் பக்கம் போகுமுன், அருகே ஒரு அறையில் நிற்கும் நெஃபெலி லூ என்ற வீராங்கனையைத் தேடிப் பிடித்துப் பேசிவிடுங்கள். பேசியிருந்தால்தான் அவளுடைய அழைப்பு எழுத்து மூடுபனி முன்னால் தெரியும்.